மழைச்சத்தம் கேட்ட அறை

மலைமேல் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் மேகம் யாரையும் கேட்டு வருவதில்லை. சன்னல் திறந்திருந்தால் உள்ளே நுழைந்து, புத்தக அலமாரிகளுக்கு நடுவே சற்று உலாவிவிட்டுப் போகும். அங்கே விரிவுரையாளராக இருந்தார் அங்கயற்கண்ணி. அலுவலகக் கணினிகளில் ஓடும் தகவலை யார் ஆள்வது, பிசகினால் யார் பதில் சொல்வது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. மணமான புதிதில் தொடங்கியது; மகள் கல்லூரிக்குப் போன பிறகும் முடியவில்லை.

அவரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்திருந்த வில்வநாதன் அவரைவிட மூத்தவர். அடிவாரத்து மாவட்டத்தில் வெள்ள எச்சரிக்கை மையத்தின் பொறுப்பாளர். ஆறு ஏறினால் கரையோர மக்களின் கைபேசிக்குச் செய்தி அனுப்புவது அந்த மையத்தின் வேலை.

ஒரு காலை, தன் ஆய்வேட்டைப் பற்றிக் கேட்க அவர் வந்தார்.

"படிச்சீங்களா மேடம்?"

"படிச்சேன் சார். குறையே இல்லை. ஐப்பசி வெள்ளத்துல செய்தி தாமதமாச்சே, அதுக்கு யார் பொறுப்புன்னு எழுதியிருக்கீங்க?"

"ரெண்டு அதிகாரிங்க ஒப்புதல் கொடுத்தாத்தான் செய்தி போகும். ஒருத்தர் கொடுத்துட்டார். இன்னொருத்தர் பயணத்துல இருந்தார், சிக்னல் கிடைக்கல. நடைமுறையில ஓர் இடைவெளின்னு எழுதியிருக்கேன்."

"அந்த இடைவெளியில யார் இருந்தாங்க?"

வில்வநாதன் ஆய்வேட்டின் பக்கங்களைப் புரட்டினார்.

"வாங்க, கீழே போயிட்டு வருவோம்," என்று அங்கயற்கண்ணி எழுந்தார்.

பேருந்து மேகத்துக்குள்ளேயே இறங்கியது. மரங்கள் பாதி பாதியாக வந்து மறைந்தன. தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று வில்வநாதனுக்கே தெரியவில்லை. மேகம் விலகியபோது ஆறு தெரிந்தது. எதுவுமே செய்யாதது போல, வெயிலில் மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

அவருடைய ஆய்வேட்டில் 'உயிரிழப்பு: ஒன்று' என்றிருந்த வீடு கரையில் இருந்தது. ஆடுகளை அவிழ்த்துவிடப் போன கணவனை வெள்ளத்துக்குக் கொடுத்திருந்த குருவம்மா வாசலில் காயப்போட்ட நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் யாரென்று அங்கயற்கண்ணி சொன்னார். அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சிஸ்டத்துல தாமதம்னு சொன்னாங்க," என்றாள். "அன்னைக்கு அந்தக் கம்ப்யூட்டர் முன்னால யார் சார் உக்காந்திருந்தாங்க?"

வில்வநாதன் அங்கயற்கண்ணியைப் பார்த்தார். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க நடைமுறைப்படி..." என்று தொடங்கினார் வில்வநாதன். அந்த வாக்கியம் அவருக்கு மனப்பாடம். ஆனாலும் மேலே வரவில்லை.

"நான்தாம்மா," என்றார்.

அவள் கோபப்படவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

"உங்க ரூமுக்கு மழைச்சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எங்க வீட்டுக்காரரும் செய்தி வரும்னு ஃபோனைக் கையிலேயேதான் வெச்சிருந்தாரு," என்றாள். பிறகு, "வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க," என்றாள்.

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அவள் மோர் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் பேருந்து மறுபடி மேகத்துக்குள் ஏறியது. பாதி வழியில் வில்வநாதன் கேட்டார்.

"முதல் ஒப்புதலைக் கொடுத்துட்டு அடுத்ததுக்காக நான் காத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டு ஒப்புதல் வேணும்னு நான் போட்ட விதி தப்பா மேடம்?"

"தப்பில்லை. ஒருத்தரே அனுப்பலாம்னு இருந்தா பொய்ச்செய்தியும் போகும். ஜனங்க அப்புறம் எதையுமே நம்ப மாட்டாங்க."

"அப்படின்னா அந்த அம்மாகிட்ட ஏன் 'நான்தாம்மா'ன்னு சொன்னேன்?"

அங்கயற்கண்ணி சன்னல் பக்கம் திரும்பினார். கண்ணாடியில் நீர்த்துளிகள் சேர்ந்து சேர்ந்து இறங்கின.

"ஆய்வேட்டைத் திருத்தணும்," என்றார் வில்வநாதன். "நான் சொன்னதை எந்த அத்தியாயத்துல சேர்க்கிறது?"

"தெரியல சார்," என்றார் அங்கயற்கண்ணி. "இத்தனை வருஷமா நானும் பொறுப்புங்கிறதைக் காகிதத்துலதான் தேடினேன். அதுக்குக் குரல் இருக்குன்னு இன்னைக்குத்தான் கேட்டேன்."