அதிகாரி வாங்கிய மிக்சி

சங்கரன்கோவில் வியாபாரிகள் கூட்டத்துக்கு வந்த வரி அதிகாரி நெடுஞ்செழியன், கையோடு கொண்டுவந்த மிக்சியை மேசைமேல் வைத்தார்.

"இதை ஆன்லைனில் இரண்டாயிரத்துக்கு வாங்கினேன். நீங்கள் இரண்டாயிரத்து முந்நூற்று அறுபது சொல்கிறீர்கள். பேராசை! அப்புறம் கடை ஓடவில்லை என்று அழுகிறீர்கள். என் விலைக்கு இங்கே யாராவது தருவீர்களா?"

பாத்திரக்கடையில் விற்பனைப் பெண்ணாக வேலை பார்க்கும் முப்பிடாதி எழுந்தாள். வியாபாரம் படுத்துவிட்டதால் மாதக் கடைசியில் வேலையைவிட்டு நின்றுகொள்ளும்படி முதலாளி அன்று காலைதான் அவளிடம் சொல்லியிருந்தார்.

"நான் தாரேன் சார். உங்களுக்குப் போட்ட மாதிரியே பில்லும் போட்டுத் தாரேன். அந்தப் பில்லைக் கொஞ்சம் காட்டுங்க."

அதிகாரி பெருமையாக எடுத்து நீட்டினார். அவள் சத்தமாக வாசித்தாள்.

"மிக்சி ஒண்ணு, ரெண்டாயிரம் ரூபா." தாளைத் திருப்பிப் பார்த்தாள். "வரியைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே சார்!"

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"எங்க விலையும் ரெண்டாயிரம்தான். மிச்ச முந்நூத்தி அறுபது உங்க ஆபீசுக்குக் கட்டுறது. அதை விட்டுட்டுப் பில் போடட்டுமா?"

"போட்டால் கடைக்குப் பூட்டு..." என்று ஆரம்பித்த அதிகாரி பாதியில் விழுங்கிக்கொண்டார்.

மாதக் கடைசி வந்தது. கூட்டத்தில் அவள் பேசியதைக் கேட்டிருந்த முதலாளி முப்பிடாதியை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. வரி ஏய்த்த அந்த ஆன்லைன் வியாபாரிமேல் அதற்குள் வழக்குப் பதிவாகியிருந்தது. முதல் சாட்சி, நெடுஞ்செழியன்.