யானை ஒட்டிய சுவர்

கனகசபை இருபது வருஷம் பொள்ளாச்சி முழுக்க ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியவர். ஐம்பத்திரண்டு வயதில், சுவரில் படம் ஒட்டும் வேலை கற்றுக்கொள்ள ரஹ்மத்திடம் வந்து சேர்ந்தார். ரஹ்மத்துக்கு முப்பத்தொன்று.

"மக வயசுப் புள்ளகிட்டயா படிக்கப் போற?" என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள்.

"அந்த அம்மிணி ஒட்டுன செவுத்தைப் போய்ப் பாருங்கடா. அப்புறம் பேசுங்க" என்பார்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு விளையாட்டு அறை. செங்கல் சுவர் இல்லை. ஜிப்சம் போர்டு நிறுத்தி மஞ்சள் பெயின்ட் அடித்த சுவர். அதை ரஹ்மத் அவரிடம் விட்டாள்.

"சரக்கு எடுக்கறதுல இருந்து உங்க பொறுப்புங்கண்ணா. நல்லா வந்தா இனி தனியாவே வேலை பாருங்க. சொதப்புனீங்கன்னா இன்னும் ஒரு வருஷம் என் பின்னாடி ஏணி தூக்கோணும்."

கனகசபை யோசிக்கவே இல்லை. ஆடிக் காற்றோடு மல்லுக்கட்டிப் பேனர் கட்டிய கை அது. பஸ் மேல் விளம்பரம் ஒட்டும் தடித்த வினைல் தாளில், இருப்பதிலேயே பசை அதிகமானதை எடுத்தார். படம் அச்சடிக்கும் முன் துண்டு ஒட்டிப் பார்ப்பது ரஹ்மத்தின் வழக்கம். அதற்காக உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று வெட்டிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் ரஹ்மத் வந்தாள்.

"உரிங்கண்ணா."

"வராதுங்க அம்மிணி. மழையில ஓடுற பஸ்ஸுலயே உரியாத சரக்கு."

"சும்மா உரிங்க."

நகத்தால் நெம்பி இழுத்தார். வந்தது. மஞ்சள் பெயின்ட்டோடு வந்தது. பெயின்ட்டுக்குப் பின்னால் போர்டின் மேல்காகிதமும் பிய்ந்து வந்தது. சுவரில் பழுப்பாய் ஒரு காயம்.

"பெயின்ட் மட்டமுங்க" என்றார். "என் சரக்கு விடவே இல்லை, பாருங்க!"

ரஹ்மத் சுவரில் மூக்கை வைத்து முகர்ந்தாள். அவரும் முகர்ந்தார். பெயின்ட் வாசம் குப்பென்று ஏறியது.

"அடிச்சு எத்தனை நாளுங்கண்ணா?"

"பத்து நாளுங்க..." அவர் குரல் இறங்கிவிட்டது.

"வாங்க" என்று நடந்தாள்.

ஊசி போடும் அறைக்குக் கூட்டிப் போனாள். அங்கேயும் அதே போர்டுச் சுவர்தான். அதில் ஆளுயரத்துக்கு ஒரு யானை, தும்பிக்கையில் வாழைத்தாரோடு. தினமும் மருந்துத் தண்ணீர் போட்டுத் துடைக்கிற இடம். ஆனாலும் நிறம் மங்கவில்லை. கனகசபை ஓரத்தை விரலால் தடவினார். படம் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குப் பிடிபடவில்லை.

"அட அட! என்ன வேலைங்க அம்மிணி! ஒட்டி எத்தனை வருஷம் ஆச்சுங்க?"

"ஏழு மாசம்."

"அவ்வளவுதானா?"

"இதுக்கு முன்னால ரயிலு. அதுக்கு முன்னால கப்பல். அதுக்கும் முன்னால கிளி. பாத்துப் பழகிட்டா புள்ளைக மறுபடி ஊசிக்கு அழுகுதுங்க. அப்ப உரிச்சுட்டு வேற ஒட்டுவேன்."

"எல்லாம் இதே செவுத்துலயா?"

"ஒம்பது வருஷமா."

கனகசபை மறுபடி தடவினார், இந்த முறை யானை இல்லாத பக்கமாக. ஒரு பொத்தல் இல்லை. பூசி மறைத்த தடம் இல்லை. வெகுநேரம் தடவிக்கொண்டே நின்றார்.

டாக்டரம்மா உள்ளே வந்தார். "வெள்ளிக்கிழமை திறப்பு. விளையாட்டு ரூமுக்குப் படம் வந்துடுமில்ல?"

தனி வேலை கைநழுவிப் போகிறது என்று தெரிந்தே கனகசபை வாயைத் திறந்தார்.

"வராதுங்க டாக்டரம்மா. பெயின்ட் காய இன்னும் இருபது நாள் விடோணும். நான் எடுத்த சரக்கும் தப்பு. போர்டைக் கொஞ்சம் பிச்சுட்டேன். அதை நானே பூசிக் குடுத்தர்றேன். உரிச்சா செவுரு நோகாம வர்ற பசையா, துடைச்சா அழியாத மேலுறையாப் பாத்து, மறுபடி துண்டு ஒட்டிப் பாத்துட்டுத்தானுங்க அச்சடிப்பேன்."

டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது. ரஹ்மத் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா இது? நீ சொல்லு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒட்ட முடியுமா, முடியாதா?"

"அந்தச் செவுத்துக்கு அவருதானுங்க மேஸ்திரி" என்றாள் ரஹ்மத். "அவரு சொன்னா சொன்னதுதான்."