கருப்பட்டி பார்த்த திசை

இலவசம் என்றால் நம் ஊரில் வரிசை நிற்கும். நகரவே நகராத ஒரு வரிசையும் உண்டு. அதில் நின்ற இரண்டு வீட்டுக் கதையைச் சொல்லி, முடிவில் ஒரு கேள்வி கேட்பேன். அதுவரை யார் மேலும் கோபப்படாதீர்கள். எனக்கே கோபம் வந்துதான் இந்தக் கதையைப் பலமுறை பாதியில் நிறுத்தியிருக்கிறேன்.

கோபிசெட்டிபாளையத்துக்கு வெளியே எஸ்தர் என்பவர், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் துணையாக நாய்களைப் பழக்கி இலவசமாகக் கொடுத்துவந்தார். பிள்ளை திடீரென்று ஓடினால் நாய் குறுக்கே போய் மறிக்கும், குரைத்து ஆள் கூப்பிடும். ஒரு நாயைப் பழக்கி எடுக்க வருடக் கணக்கில் ஆகும். பாதி நாய்கள் தேறாது. நன்கொடை கொடுத்தவர்களும் ஒவ்வொருவராக விலகிக்கொள்ள, கடைசியாகத் தேறியது கருப்பட்டி என்கிற பழுப்பு நாய் ஒன்றுதான்.

வரிசையில் முதலில் இருந்தவள் பூங்கோதை. அவள் மகன் நிதிலனுக்கு ஒன்பது வயது, பேச்சு வரவில்லை. கதவு திறந்திருந்தால் வாய்க்காலுக்கு ஓடிவிடுவான். அடுத்தவர் சென்னியப்பன். மனைவியை இழந்தவர், மினி பஸ் ஓட்டுகிறவர். அவர் மகள் இலக்கியா ஓடுவது ரோட்டுக்கு. முதல் வீட்டில் சரிப்படாவிட்டால் கருப்பட்டி அவருக்கு என்று எஸ்தர் வாக்குக் கொடுத்திருந்தார்.

நாயை ஒப்படைக்கும்போது எஸ்தர் பூங்கோதையிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“முதல் ஆறு மாசம் தம்பி கையால மட்டும்தான் இது சாப்பிடணும். நீங்க ஒரு பிடி கூட வைக்கக் கூடாதும்மா. யார் கை சோறு போடுதோ, அவங்க மொகத்தப் பாத்துட்டுத்தான் இது எதையும் செய்யும்.”

நிதிலனுக்கு ஈரமான எதையும் தொடப் பிடிக்காது. அதனால் உருண்டை உருண்டையான காய்ந்த தீவனம் கொடுத்தார்கள். அவன் அதை நாய்க்கு நீட்டவில்லை. தரையில் ஒவ்வொன்றாக வரிசை வைத்தான். நாய் ஒன்றைத் தின்றாலும் வரிசை கலைந்துபோகும். கலைந்தால் தலையைச் சுவரில் மோதிக்கொண்டு அலறுவான். நல்ல பழக்கமுள்ள நாய் என்ன செய்யும்? எச்சில் ஒழுக வரிசையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

நம் வீட்டுப் பெண்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வீட்டில் ஒரு வாய் பட்டினி கிடக்க, அவர்களுக்குச் சோறு இறங்காது. பூங்கோதை இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தயிர்ச்சோறு பிசைந்து கையில் வைத்து நீட்டினாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

மாதம் முடிந்து எஸ்தர் பார்க்க வந்தார். நாயின் மீசையில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் யாரையும் தொடவிடாத நிதிலன், நாயின் வயிற்றில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எஸ்தர் ஒன்றும் கேட்காமல் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆடிப் பதினெட்டு அன்று வாசல் கதவு திறந்து கிடந்தது. நிதிலன் ஓடினான். சமையலறை வாசலில் படுத்திருந்த கருப்பட்டி எழுந்து பூங்கோதையைப் பார்த்தது. அவள் மிக்ஸி சத்தத்தில் திரும்பவில்லை. அது மறுபடி படுத்துக்கொண்டது. வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி பையனின் முடியைப் பிடித்துத் தூக்கியிராவிட்டால், இந்தக் கதையில் புதிர் ஏதும் இருந்திராது.

பூங்கோதை எதையும் மறைக்கவில்லை. தானே எஸ்தருக்குப் போன் செய்தாள்.

“நாந்தாங்க்கா சோறு வெச்சுக் கெடுத்துட்டேன். பசியில மொகத்தையே பாத்துச்சுங்க. எப்படிங்க்கா பாத்துட்டே இருக்கறது?”

எஸ்தர் சென்னியப்பனோடு வந்தார். நாயை இலக்கியா வீட்டிலேயே வைத்து மறுபடி பழக்கித் தருவதாக ஏற்பாடு. இலக்கியா அப்போது காலில் மாவுக்கட்டோடு கிடந்தாள். ரோட்டுக்கு ஓடியவள் மேல் பைக் ஒன்று மோதியிருந்தது.

சென்னியப்பன் கயிற்றைக் கையில் வாங்கினார். அப்போதுதான் அது நடந்தது. நிதிலன் தன் வரிசையிலிருந்து ஒரு தீவன உருண்டையை எடுத்தான். வரிசை கலைந்தது. அவன் அலறவில்லை. அதை உள்ளங்கையில் வைத்து நாயின் வாய்க்கு நேரே நீட்டினான்.

கருப்பட்டி அந்தக் கையைப் பார்த்தது. திரும்பிப் பூங்கோதையைப் பார்த்தது. அவள் அழுதுகொண்டே தலையசைத்தாள். அதன் பிறகுதான் தின்றது.

“பாத்தீங்களா அண்ணா, எம்பையன் குடுத்துட்டான்! இன்னும் ஒரே ஒரு மாசம் விட்டுட்டுப் போங்க!” என்று அவள் சென்னியப்பன் காலில் விழப்போனாள்.

“எந்திரிங்கம்மா. எனக்கும் ஒரே புள்ளைங்க” என்றார் அவர். நாயை இழுத்துக்கொண்டு போனார்.

பட்டினி பார்க்கப் பொறுக்காமல் சோறு போட்டு, பிறகு உண்மையையும் சொன்னவள் பூங்கோதை. தெரிந்தும் இரக்கப்பட்டு வாய்மூடி இருந்தவர் எஸ்தர். முதன்முதலாகக் கை நீட்டிய பிள்ளையிடமிருந்து நாயைப் பிடித்துக்கொண்டு போனவர் சென்னியப்பன். இதில் யார் செய்தது சரி?

விடை: சென்னியப்பன் செய்ததே சரி. பிள்ளை கை நீட்டியதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்; நாய் எந்தத் திசையில் பார்த்தது என்பதை அவர் பார்த்தார். அவள் தலையசைக்காமல் அது தின்னவில்லை. அவள் சொல்லாமல் அது அவன் பின்னால் ஓடவும் ஓடாது. அந்த வீட்டில் ஒரு மாதம் அல்ல, பத்து வருடம் இருந்தாலும் அது பூங்கோதையின் நாய்தான். எஸ்தர் அந்தப் பருக்கையைப் பார்த்த அன்றே கேட்டிருந்தால் ஒருவேளை திருத்தியிருக்கலாம். மற்ற இருவர் செய்ததும் அன்புதான், ஆனால் அதனால் யாருக்கும் பலனில்லை. சரியாகச் செய்தவர் மட்டும் என்ன வாழ்ந்தார்? வழி நெடுக நாயின் முகத்தைப் பார்க்காமலே ஊர் போய்ச் சேர்ந்தார். பூங்கோதை இப்போது வாசல் கதவைப் பூட்டியே வைத்திருக்கிறாள். நிதிலன் மிச்சத் தீவனத்தைத் தினமும் தரையில் வரிசை வைக்கிறான், பிறகு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.