கீரி வாங்கிய மலைவீடு

மலையடிவாரத்துக் காடு ஒன்றில், நாவல் மரத்தின் வேருக்கடியில் ஒரு கீரி குடியிருந்தது, குழந்தைகளே. நல்ல வளை அது. முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல். நாலே தாவலில் தவளைக் குட்டை. ஆனால் யாராவது, "வீடு எப்படி?" என்று கேட்டால் கீரி உதட்டைப் பிதுக்கும். "ஏதோ இருக்கிறது" என்று சொல்லும்.

பக்கத்துப் புல்வெளியில் ஒரு முயல் இருந்தது. அதற்கு வீடே கிடையாது. மூன்று குட்டிகளைப் புல்லுக்குள் மறைத்து வைத்துக் காலம் தள்ளியது. அதனாலேயே கீரிக்கு முயலை மிகவும் பிடிக்கும். "பாவம் நீ!" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிட்டுத்தான் குட்டைக்குப் போகும்.

ஒரு நாள் முயல் துள்ளிக்கொண்டு வந்தது.

"கீரியக்கா! நான் வீடு வாங்கப் போகிறேன். மலைச்சரிவில் முள்ளம்பன்றியண்ணன் தன் குகையை விற்கிறாராம். இரண்டு அறை, கிழக்குப் பார்த்த வாசல்! மழைக்கு முன்னால் குடி போய்விட வேண்டும்."

கீரியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"குகையா? உனக்கா?"

"இப்போதுதான் பார்க்கப் போகிறேன், அக்கா."

"போ, போய்ப் பார்" என்றது கீரி. வயிற்றுக்குள் கொள்ளிக்கட்டை ஒன்று புகைய ஆரம்பித்தது. முயல் கொஞ்ச தூரம் போனதும், கீரியும் புதர் புதராகப் பதுங்கிப் பின்னாலேயே போயிற்று.

அந்தக் காட்டில் யார் வீடு விற்றாலும் காகம்தான் தரகு, காகம்தான் சாட்சி. அது குகைக்கு மேலே ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தது. முயலும் முள்ளம்பன்றியும் உள்ளே போனார்கள். வெகு நேரம் வெளியே வரவில்லை.

'இவ்வளவு நேரம் பார்ப்பதற்கு உள்ளே என்ன இருக்கும்?' என்று கீரி தவித்தது. 'அரண்மனையாகத்தான் இருக்க வேண்டும்!'

கடைசியில் இருவரும் வெளியே வந்தார்கள்.

"ஐம்பது கிழங்கு" என்றது முள்ளம்பன்றி.

"உள்ளே கண்டதை நானும் கண்டேன், நீங்களும் கண்டீர்கள். முப்பது" என்றது முயல்.

"முப்பதுக்கு எலிவளைகூட வராது!"

"இழுக்காதீர்கள், எனக்கு வேறு வேலை இருக்கிறது. நாற்பது" என்று கரைந்தது காகம்.

முயல் காதைச் சொறிந்து யோசித்தது. "சரி, நாற்பது."

"நாளைக் காலையில் பத்துக் கிழங்கு முன்பணமாகக் கொண்டு வா. வீடு உனக்குத்தான். சொன்ன சொல் மாற மாட்டேன்" என்றது முள்ளம்பன்றி.

முயல் பாடிக்கொண்டே மலையிறங்கியது. அந்தப் பாட்டைக் கேட்கக் கேட்கக் கீரிக்குக் காதெல்லாம் எரிந்தது. நேற்றுவரை புல்லில் கிடந்தது, நாளை மேட்டில் உட்கார்ந்து நம்மைக் குனிந்து பார்க்குமா? பாவம் என்று இனி யாரைச் சொல்வது?

முயலின் வால் மறைந்ததுதான் தாமதம், கீரி குகை வாசலில் போய் நின்றது.

"அண்ணே, இந்த வீட்டை எனக்குக் கொடுங்கள்."

"முயலுக்குப் பேசி முடித்தாயிற்றே."

"முன்பணம் வாங்கினீர்களா?"

"பணம் வாங்காவிட்டால் என்ன? வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"கிழங்கு தின்றால் தீர்ந்துபோகும். நான் வீட்டுக்கு வீடு தருகிறேன்! என் நாவல்மரத்து வளையை எடுத்துக்கொள்ளுங்கள்."

முள்ளம்பன்றி கீரியை ஏற இறங்கப் பார்த்தது. "நான் வேறு காட்டுக்குப் போகிறவன். எனக்கெதற்கு வளை? சரி, முயலைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். நீ முதலில் உள்ளே வந்து வீட்டைப் பார்."

"முயல்தான் அவ்வளவு நேரம் பார்த்ததே! அதற்குப் பிடித்திருக்கிறது. எனக்கு அது போதும்."

"இல்லையம்மா, வடக்கு மூலையைப் பற்றி ஒரு விஷயம்..."

"ஒன்றும் சொல்லாதீர்கள். முயல் முந்துவதற்குள் முடியுங்கள்!"

மறுநாள் காலையில் முள்ளம்பன்றி வந்து சொன்னது: "முயல் குகையை விட்டுக்கொடுத்துவிட்டது."

கீரிக்குத் தலைகால் புரியவில்லை. "அழுததா?"

"இல்லையே, சிரித்தது."

"வெளியே சிரித்திருக்கும்" என்றது கீரி.

காகம் சாட்சியாக நின்றது. அந்தக் காட்டு வழக்கப்படி, முள்ளம்பன்றி குகை வாசலின் மண்ணைக் கிள்ளிக் கீரியிடம் கொடுத்தது. கீரி வளை வாசலின் மண்ணைக் கிள்ளிக் கொடுத்தது. கொடுக்கும்போது கை ஒரு கணம் தயங்கத்தான் செய்தது. ஆனால் தூரத்தில் முயல் நிற்பது தெரிந்ததும், சட்டென்று கொடுத்துவிட்டது.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது.

குகையின் வடக்கு மூலையில் முதலில் சொட்டியது. பிறகு ஒழுகியது. பிறகு வாய்க்காலாகவே ஓடியது. ஒரு கீரிக்கு இரண்டு அறை எதற்கு? இரண்டிலும் குளிர்தான் குடியிருந்தது. தவளை பிடிக்க வேண்டுமென்றால் வழுக்குப் பாறைகளில் உருண்டு புரண்டு அடிவாரத்துக்கு இறங்க வேண்டும்.

ஆனாலும் கீரிக்கு ஓர் ஆறுதல். 'நானாவது கூரைக்குக் கீழே நனைகிறேன். முயல் புல்லுக்குள் எப்படி ஊறிக் கிடக்கிறதோ! ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.'

மழை சற்று விட்டதும் இறங்கிப் போயிற்று. புல்வெளியில் முயல் இல்லை. நாவல் மரத்தடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. முன்வாசல் வழியாக ஒரு குட்டி பாய்ந்து வந்தது. பின்வாசல் வழியாக உள்ளே ஓடியது. அதைத் துரத்திக்கொண்டு இன்னும் இரண்டு.

முயல் எட்டிப் பார்த்தது. "கீரியக்காவா? ஐயோ, இப்படி நனைந்திருக்கிறீர்களே! உள்ளே வாருங்கள்."

"நீ... இங்கே எப்படி?"

"உங்களால்தான், அக்கா! நீங்கள் இந்த வளையைத் தருவதாகச் சொன்னதும், முள்ளம்பன்றியண்ணன் 'குகைக்குப் பதில் இது ஒத்துவருமா?' என்று என்னைக் கேட்டார். முப்பது கிழங்குக்கே கொடுத்துவிட்டார். குகையில் வடக்கு மூலை கசியும் என்று அவரே காட்டியிருந்தார். வேறு வீடு கிடைக்காதே என்றுதான் சம்மதித்திருந்தேன். இங்கே பாருங்கள், ஒரு பொட்டு ஈரம் உண்டா?"

கீரி பார்த்தது. வேர் வளைந்து கூரையாக நின்ற அழகைப் பார்த்தது. உலர்ந்த தரையைப் பார்த்தது. முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நடுவே காற்று இதமாகப் போய்வருவதைப் பார்த்தது. இத்தனை வருடத்தில் இதையெல்லாம் ஒரு நாளும் அது பார்த்ததில்லை.

அதே கொள்ளிக்கட்டை மறுபடியும் புகைந்தது. கீரி நேராகக் காகத்திடம் ஓடியது.

"எனக்கு ஒரு வீடு முடித்துக் கொடு! நாவல் மரத்தடியில் அருமையான வளை ஒன்று இருக்கிறது. அதற்கு என் குகையையே தருகிறேன்."

காகம் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தது. போய் முயலைக் கேட்டது. திரும்பி வந்து சொன்னது:

"விற்பதாக இல்லையாம். வீடு அவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டதாம்."

மழை மறுபடியும் தூற ஆரம்பித்தது. கீரி மலையேறியது. பத்து அடிக்கு ஒரு தரம் நின்று திரும்பிப் பார்த்தது. பார்க்கப் பார்க்க, அந்த வளை இன்னும் அழகாகிக்கொண்டே போயிற்று.

நீதி: அடுத்தவர் வீட்டைப் பார்த்துப் புழுங்குகிறவர், தம் வீட்டில் ஒரு நாளும் குடியிருப்பதில்லை.