பன்னிரண்டு லட்சம் பெயர்கள்

"மேடம், இன்னும் கொஞ்சம் மெமரி வாங்கிக் கொடுங்க. இல்லேன்னா இன்னைக்கு என் மானம் போயிடும்."

ஐம்பது வயது தில்லைவாணன் இப்படிக் கேட்பது இது மூன்றாவது தடவை. கேட்கப்பட்டவர் மெஹருன்னிசா, கல்லூரிக் கணினி மையத்தின் தலைவர். வயது முப்பத்து நான்கு. தில்லைவாணனுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

தில்லைவாணனின் பொறுப்பில் ஒரு சர்வர் இருந்தது. யாராவது ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டினால், அது எந்த எண்ணில் இருக்கிறது என்று வெளியே விசாரித்துச் சொல்லும். அடுத்தவருக்கு உதவுமே என்று அதை நினைவிலும் வைத்துக்கொள்ளும். அந்த நினைவு நிரம்பி வழிந்து, இந்த வாரம் மட்டும் இரண்டு தடவை படுத்துவிட்டது.

இன்று மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். பத்து மணிக்கு முந்நூறு பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். சர்வர் படுத்தால் ஒருவராலும் விண்ணப்பிக்க முடியாது.

"எத்தனை பெயர் வச்சிருக்கீங்க சார்?"

"பன்னிரண்டு லட்சம்!" அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"எல்லாம் வேணுமா?"

"யாராவது கேட்டா?"

மெஹருன்னிசா கீபோர்டை இழுத்து ஒரே ஒரு வரி தட்டினார்.

பன்னிரண்டு லட்சமும் பூஜ்யமாகிவிட்டது.

"ஐயையோ!" என்று அலறினார் தில்லைவாணன்.

"கேக்கட்டும் சார். பார்ப்போம்."

திரையில் பெயர்களின் எண்ணிக்கை மெல்ல ஏறியது. நூறு. ஆயிரம். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நின்றது. அலுவலகம், நூலகம், விடுதி, எல்லோருக்கும் பதில் போய்க்கொண்டுதான் இருந்தது. குறை சொல்லி ஒரு போன்கூட வரவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு எண்ணிக்கை திடீரென்று பாய்ந்தது. ஐம்பதாயிரம். ஒரு லட்சம். மூன்று லட்சம்.

"பார்த்தீங்களா மேடம்! கேக்குறாங்க! நான் சொன்னேன்ல?"

"யாரு கேக்குறாங்க?"

யார் எதைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவைத் தில்லைவாணன் திறந்தார். கீழே போனார். இன்னும் கீழே போனார். வரிக்கு வரி பெயர் மாறியது. கேட்ட கணினி மட்டும் மாறவில்லை. அதன் எண் அவருக்கு மனப்பாடம்.

முதலில் முகம் சிவந்தது. பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து தன் மேசையைப் பார்த்து ஓடினார்.

"எங்க சார் ஓடுறீங்க?"

"ஒரு பெயரும் மறந்துடக் கூடாதுன்னு, மணிக்கொரு தடவை எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருக்க என் கம்ப்யூட்டர்ல ஒரு புரோகிராம் எழுதி வச்சேன் மேடம். பத்து மணிக்குள்ள அவனை வீட்டுக்கு அனுப்பிட்டு வரேன்!"