ஏழு மழை கண்ட சாடி

மணற்குடித் துறையில் தேறலின் வயதை ஆண்டுக் கணக்கில் சொல்ல மாட்டார்கள். மழைக் கணக்கில் சொல்வார்கள். தேனைப் புளிக்கவைத்து வடித்து, சாடியில் ஊற்றி, வாயை மெழுகால் அடைத்து மணலில் புதைப்பது அவர்கள் முறை. புதைத்த இடத்தின்மேல் ஐப்பசி அடைமழை இறங்கினால் ஒரு மழை. கோடைத் தூறலையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று முன்பொரு காலத்தில் வழக்கு நடந்து, கூடாது என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்புச் சொன்னவர்கள் அன்று தெளிவாக இருந்தார்களாம்.

சாடிக்கு ஓர் ஓலைச்சீட்டு உண்டு; சாடி மணலில் இருக்கும்வரை வடிசாலைக் கயிற்றிலும், வெளியே எடுத்தபின் சாடியின் கழுத்திலும் தொங்கும். மேலே, கண்ட மழை ஒவ்வொன்றுக்கும் ஒரு கீற்று. கீழே, வடித்தவர் பெயர். வேறொன்றும் இராது.

செங்கோதையின் வடிசாலையில் சேந்தன் மாணவன். மாணவனுக்கு ஆசானைவிட இருபது வயது கூடுதல். மிளகு ஏற்றிய கப்பலைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, நரைத்த தலையோடு வந்து சேர்ந்தவன். ஊர் அவனைக் ‘கடலுக்கு மிளகு விற்றவர்’ என்று மரியாதையாகவே அழைத்தது.

அவன் தனியாக வடித்த முதல் இருபது சாடிகள் நான்கு மழை கண்டிருந்தபோது, சிற்றரசர் மகளுக்குத் திருமணம் கூடியது. அரண்மனை விருந்தில் சாடி திறக்கும்போதெல்லாம் சீட்டில் உள்ள பெயரைச் சபை நடுவே உரக்கச் சொல்வது வழக்கம். தன் பெயர் அங்கே ஒலிக்க வேண்டும். மிளகை ஊர் மறக்க வேண்டும். சேந்தனுக்கு வேறு ஆசை இல்லை.

மடைப்பள்ளி அதிகாரி வந்தார்.

“ஏழு மழை கண்டது இருபது சாடி வேண்டும்.”

“நான்கு மழைதான் இருக்கிறது,” என்றாள் செங்கோதை.

அதிகாரி ஒரு மிடறு சுவைத்தார். கண்ணை மூடினார். தேவையே இல்லாமல் இன்னொரு மிடறும் சுவைத்தார்.

“அருமை. ஆனால் சீட்டில் நான்கு என்றல்லவா இருக்கிறது? கடம்பனிடம் ஏழு இருக்கிறது.”

“கடம்பன் கடை வைத்தே ஐந்து மழைதான் ஆகிறது,” என்றான் சேந்தன்.

“அதனால் என்ன? அவர் சுறுசுறுப்பானவர்.”

“விருந்தினர் கேட்க மாட்டார்களா?”

“முதல் கிண்ணத்துக்கு முன்னால் சீட்டைப் பார்ப்பார்கள். இரண்டாம் கிண்ணத்துக்குப் பின்னால் அவர்களுக்கு எண்ணத் தெரியாது. நாளைக் காலை வருகிறேன். யோசித்து வையுங்கள்.”

அவர் தலை மறைந்ததும் சேந்தன் கேட்டான்.

“ஆசானே, வாங்குகிறவருக்கே கவலையில்லை. நமக்கு மட்டும் எதற்கு?”

“எத்தனை கீற்று குறைகிறது?”

“மூன்று.”

“எழுத்தாணி அந்த மாடத்தில் இருக்கிறது.”

திட்டு விழும் என்று காத்திருந்தவனுக்கு இது பிடிபடவில்லை. ஆனாலும் எடுத்தான். ஒரு சீட்டை மடியில் வைத்து மூன்று கீற்றுகளை இழுத்தான். செங்கோதை வாங்கிப் பார்த்தாள்.

“கோணலாக இருக்கிறதே.”

“இப்படி இழுத்துப் பழக்கமில்லை.”

“போகட்டும். பழகினால் நேராகிவிடும்.”

சொல்லிவிட்டு எழுத்தாணியை வாங்கி, கீழே இருந்த அவன் பெயரைக் கீறி அடித்தாள். பக்கத்தில் வேறொரு பெயரை நிதானமாக எழுதி, எழுத்துத் தெரியக் கரி தேய்த்து, அவனிடம் நீட்டினாள்.

கடம்பன்.

“இது என்ன ஆசானே?”

“ஏழு மழைக்கு முன்னால் நீர் எங்கே இருந்தீர்?”

“கடலில். மிளகோடு.”

“நான் அம்மை கண்டு படுத்திருந்தேன். அந்த ஆண்டு இந்த வடிசாலையில் வடித்தவன் ஒருவன்தான். அப்போது என் மாணவனாக இருந்த கடம்பன். பொய்யே ஆனாலும் ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா?”

சேந்தன் எழுந்துவிட்டான். “அவன் பெயரா? என் சாடியிலா? தேனீ கொட்டிக் கொட்டி வீங்கிய கை இது! நான்கு ஆண்டு...”

“எந்த நான்கு?” என்றாள் செங்கோதை. “இங்கே ஏழல்லவா போட்டிருக்கிறீர்?”

சேந்தன் மெல்ல உட்கார்ந்தான்.

மறுநாள் காலை அதிகாரி வந்தபோது வாசலில் அவன்தான் நின்றான். மீதிச் சீட்டுகள் எல்லாம் கை படாமல் அப்படியே தொங்கின.

“ஏழு போட்டாயிற்றா?”

“ஏழு வேண்டுமென்றால் கடம்பனிடம் போங்கள். இங்கே இருப்பது நான்கு. வடித்தவன் சேந்தன்.”

“யார், கடலுக்கு மிளகு விற்றவரா?”

“அவரேதான்,” என்றான் சேந்தன். அந்தப் பெயருக்கு அவன் தலை குனியாமல் பதில் சொன்னது அதுவே முதல் முறை.

அதிகாரி சாடிகள் புதைந்திருந்த மணலை ஒரு முறை ஏக்கத்தோடு பார்த்தார். பிறகு கடம்பன் கடைப் பக்கம் நடந்தார்.

திருமணம் நடந்தது. ஊரோடு சேந்தனும் போய் உண்டு வந்தான். ஐப்பசி பிறந்து ஒரு நாள், இருவரும் தேனடை பிழிந்துகொண்டிருந்தபோது, அதுவரை சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னான்.

“சாடிக்குச் சாடி கடம்பன் பெயரைத்தான் சொன்னார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. என் பக்கத்திலிருந்த கிழவர், ‘ஏழு மழையென்றால் ஏழு மழைதான்’ என்று என்னிடமே சொன்னார். யாருக்கும் அக்கறையில்லை, ஆசானே.”

“இல்லைதான்,” என்றாள் செங்கோதை.

“அப்படியானால் சீட்டு யாருக்கு?”

அவள் பதில் சொல்வதற்குள் கூரையில் சடசடவென்று சத்தம் கேட்டது. பிறகு அடைத்துக்கொண்டு கொட்டியது. சாடிகள் புதைந்திருந்த மணல் கண்ணெதிரே கறுத்தது.

சேந்தன் பிசுபிசுத்த கையைக் கழுவக்கூட நிற்கவில்லை. மாடத்திலிருந்த எழுத்தாணியை எடுத்துக்கொண்டு, சீட்டுகளை மாட்டியிருந்த கயிற்றருகே போனான். முதல் சீட்டில் ஐந்தாவது கீற்றை இழுத்தான். நேராக விழுந்தது. திரும்பிப் பார்த்தான்.

“கீழே உள்ள என் பெயர் கொஞ்சம் மங்கியிருக்கிறது, ஆசானே.”

“கரி தேய்த்துக் கொள்ளும்,” என்றாள் செங்கோதை. “இன்னும் பல மழைக்கு அது இருக்க வேண்டும்.”