தொடாமல் விட்ட காம்பு

மனைவி இறந்துபோன மறுமாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு மலையடி மடத்துக்கு வந்தவர் தில்லைக்கண்ணு. வயது ஐம்பதுக்கு மேல். யாரும் அவர் அழுது பார்த்ததில்லை. மனைவியைப் பற்றி ஒரு சொல் பேசிக் கேட்டதில்லை. பந்தியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

"நம்ம தில்லைக்கண்ணு பாதி சித்தராயிட்டார்" என்று சமையற்கட்டில் கேலி பேசுவார்கள்.

மடத்தில் அவர் வாய்விட்டுப் பேசியது, அவர் கறந்து பார்த்துக்கொண்ட மயிலை என்ற பசுவிடம் மட்டும்தான்.

ஒருநாள் தொழுவத்துப் பக்கம் வந்த குருவிடம் கேட்டார்.

"ஒரு வருஷமாச்சு சாமி. அவ நினைப்பை அண்டவே விடலை. ஆனாலும் நெஞ்சுக்குள்ள கல்லு மாதிரி ஒண்ணு கிடக்குது. அது எப்போ கரையும்?"

குரு பசுவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மயிலை ஏன் காலை அகட்டி நிக்கிறா?"

"பின்காம்பு ஒண்ணுல வலி சாமி. தொட்டா உதைக்கிறா. பாவம்னு அதை விட்டுட்டு மத்த மூணையும் கறக்கிறேன்."

குரு குனிந்து மடியைத் தொட்டார். மூன்று பக்கம் மெத்தென்று இருந்தது. நான்காவது பக்கம் கொதித்தது; கல்லாக இறுகிக் கிடந்தது. முன்னால் போட்ட புல் போட்டபடியே இருந்தது.

கால்நடை டாக்டர் வந்து பார்த்தார்.

"மடிநோய். காம்பு வழியா கிருமி உள்ளே போயிருக்கு. ஏன் கறக்காம விட்டீங்க?"

"பாவமா இருந்துச்சுங்க."

"நீங்க பாவம் பார்த்தீங்க. கிருமி பார்க்கலையே!" ஊசி போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். "பால் தேங்கத் தேங்க உள்ளேயே கெடும். அடிக்கடி கறந்து கொட்டுங்க. மடி இளகலேன்னா பசுவே மிஞ்சாது."

டாக்டரின் வண்டி போன பிறகும் தில்லைக்கண்ணு அசையாமல் நின்றார். அந்தப் பசுவும் போய்விட்டால் அவர் பேசுவதற்கு மடத்தில் ஆளில்லை.

"சாமி, நீங்க கறங்களேன். என்னால முடியாது."

"உம்ம பசு ஐயா. நான் தலையைப் பிடிச்சுக்கிறேன். உட்காரும்."

தொட்டதும் உதை விழுந்தது. செம்பு உருண்டது. தில்லைக்கண்ணு முழங்காலைத் தேய்த்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு மஞ்சள் நீர். அப்புறம் திரிதிரியாக, தயிர் உடைந்ததுபோல், கொஞ்சம் ரத்தம் கலந்து வந்தது. பசு நடுங்கியது. அவர் விடவில்லை. விட்டு விட்டுப் பகல் முழுதும் கறந்தார். கறந்ததையெல்லாம் தொழுவத்துக்குப் பின்னால் குழியில் ஊற்றிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்.

வெயில் தாழும்போது மடி விரலுக்குக் கொஞ்சம் இணங்கிக் கொடுத்தது. மயிலை கழுத்தை நீட்டி ஒரு வாய் புல்லை இழுத்தது.

தில்லைக்கண்ணு பசுவின் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"பவளம்னு பேரு சாமி" என்றார்.

குரு பசுவின் நெற்றியைத் தடவிக்கொடுத்தார்.

"கோபம் வந்தா காபியில சர்க்கரை போடமாட்டா. நானும் ஒண்ணும் கேக்காம குடிச்சு வச்சிருவேன். ஏன் கேக்கலைன்னு அதுக்கு வேற தனியா ஒரு கோபம்." சிரிக்கப் பார்த்தார். "மடத்துக் காபியில தினமும் சர்க்கரை சரியா இருக்கு சாமி."

அதற்குமேல் பேச்சு உடைந்து உடைந்து வந்தது. சில சொற்கள் சொற்களாகவே இல்லை. இருட்டும்வரை குரு பசுவின் தலையைப் பிடித்தபடியே நின்றார்.

கடைசியில் தில்லைக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெட்கத்தோடு கேட்டார்.

"இதையெல்லாம் சொல்லி யாருக்கு என்ன பிரயோஜனம் சாமி?"

குரு தொழுவத்துக்குப் பின்னால் குழி இருந்த பக்கம் பார்த்தார்.

"அந்தப் பாலைக் குடிக்கவா ஐயா கறந்தீர்?"